மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மச்சானுக்கு

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய குரல் பதிவு நேற்று இரவுதான் வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பேசியிருக்கிறாய், பின்னால் மணிச் சத்தம் கேட்கிறது, அதற்குப் பிறகு அது உன் போனுக்குள்ளேயே கிடந்து, நீ ஏதோ அலுவலாக மஸ்கெலியா டவுனுக்கு இறங்கின பிறகுதான் என்னிடம் புறப்பட்டிருக்கிறது. அம்மா எழுந்து நடமாடுகிறார், கஞ்சி குடிக்கிறார் என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இவள் கோணேசருக்கு நேர்த்தி வைத்திருக்கிறாள், அம்மாவிடம் சொல்லு.

ஆனால் அன்று இரவு நடந்ததை நீ சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போகிறாய், எனக்கு அப்படிப் போக முடியவில்லை. அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த நேரம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வீட்டுக்கு ஒன்றிரண்டு போன் இருந்தும் ஒன்றிலும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுக்க முடியாமல், உன் மூத்தவன் மழைக்குள்ளே பிள்ளையார் கோயில் வளைவு வரைக்கும் ஓடி, அங்கே நின்றுதான் அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். கூப்பிட்டதும் வீட்டுக்குத் திரும்பி ஓடவும் அவனால் முடியவில்லை, ஏனென்றால் சாரதி வழி கேட்டுத் திரும்ப எடுப்பார், அந்த வளைவை விட்டு நகர்ந்தால் போன் செத்துப்போகும். அப்பம்மா உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல், போனை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை அங்கே நின்ற நேரத்தைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அந்த 1990 சுவசெரிய அம்புலன்ஸ் நல்ல சேவை மச்சான். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி நாடு முழுக்க வந்தது, இங்கே எங்கள் ஒழுங்கையிலேயே அது ஏற்றிக்கொண்டு போய்ப் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். கூப்பிட வழியில்லாத மலையில் இருக்கிறவனுக்கு அது இருந்தும் என்ன பயன்?

போன ஓகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் வந்திருந்தபோது உன் குசினி யன்னலோரம் ஆணியில் ஒரு ஷொப்பிங் பை தொங்கியதே, அதற்குள் மூன்று போன், உன்னுடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது, கொழும்பில் கடையில் நிற்கும் அவர் மகன் வாங்கிக் கொடுத்தது. அந்த ஒரு மூலையில்தான் கவரேஜ் வரும் என்று பையைக் கொஞ்சம் மேலே ஏற்றி, பிறகு இடப்பக்கம் தள்ளி, அசையாமல் இருக்க ஒரு துண்டுத் தடியும் செருகி வைத்திருந்தாய். மெசேஜ் சத்தம் கேட்டதும் சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, யாருடைய போன் என்று பார்த்துக் கூவுவாள். எங்கள் பிள்ளைகள் அதை விளையாட்டாகப் பார்த்தார்கள், எனக்கு அப்போதே மனதுக்குச் சரியாக இருக்கவில்லை.

நீ கேட்டிருந்தாயே, இரண்டு கோடு காட்டுகிறது, ஆனால் கோல் போவதில்லை, ஏன் என்று. அக்காவின் மகன் டவர் வேலைக்குத்தான் போகிறான், அவனை உட்கார வைத்துக் கேட்டேன். டவர் பெரிய சக்தியோடு அனுப்புவதால் அது சொல்வது உன் போனுக்கு மங்கலாகவாவது வந்து சேர்ந்துவிடுகிறது, அதுதான் அந்தக் கோடு. போன் 4ஜியில் திருப்பி அனுப்பக்கூடியது அதிகபட்சம் 0.2 வாட் அளவுதான், அது மலையைத் தாண்டி டவருக்குப் போய்ச் சேருவதில்லை. பழைய 2ஜியில் 900 மெகாஹேர்ட்ஸ் என்றால் போன் 2 வாட் வரைக்கும் அனுப்பும், அதோடு 900 போன்ற தாழ்ந்த அலைவரிசை மலை விளிம்பில் கொஞ்சம் வளைந்து பள்ளத்துக்குள்ளும் இறங்கும், 1800, 2100 எல்லாம் அவ்வளவு வளையாது. தோட்டத்தில் உங்கள் டிவிஷன் மலைக்குப் பின்பக்கச் சரிவில் இருக்கிறது, டவரோ முன்பக்கம், அதன் அன்டெனாக்களும் வீதியையும் டவுனையும் பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கும் என்றான். காலையில் முழுதாகச் சார்ஜ் ஏற்றிய போன் மத்தியானம் செத்துப்போவதும் இதனால்தான், டவர் சரியாக எட்டவில்லையென்று அது நாள் முழுக்கத் தேடிக்கொண்டும், எட்டும் நேரமெல்லாம் முழுச் சக்தியில் அனுப்பிக்கொண்டும் இருக்கிறது.

இதைத் திருகோணமலைக் கரையில் இருந்துகொண்டு எழுதுவது எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது. இங்கே உப்புவெளிக் கடற்கரையில் நின்றால் எல்லாக் கம்பனியும் முழுக் கோடு காட்டும், கரையை விட்டுப் போன வள்ளத்திலிருந்துகூட நல்ல தூரம் வரைக்கும் வீட்டுக்குப் பேசுகிறார்கள், கடலில் மறிக்க மலை இல்லை. அந்தக் காலத்தில் ஜெர்மன் வானொலி டொய்ச்ச வெலெ எங்கள் திருமலையில் மறு ஒலிபரப்பு நிலையம் வைத்து ஆசியா முழுக்க ஒலிபரப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும், 2013இல்தான் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்தார்கள். சிற்றலை மேலே அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போகும், போன் அலைக்கு அந்த வசதி இல்லை, மலை மறித்தால் அதோடு சரி. அதனால் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு டவர், அல்லது சின்னதாக ஒன்றாவது வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது.

டித்வா புயல் நேரத்தை நான் மறக்க மாட்டேன். 2025 நவம்பர் கடைசி, இங்கேயும் பெரும் அழிவு, மகாவலி பெருகி, மாவிலாறு அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கமெல்லாம் தண்ணீர், எங்கள் சொந்தக்காரர் சிலரைப் பாடசாலைக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் பிறகு கண்டோம். அதற்குள்ளே உனக்கு எடுக்கிறேன், எடுக்கிறேன், தொடர்பு கொள்ள முடியாது என்ற அந்த ஒரே குரல்தான். நுவரெலியா, பதுளை, கண்டி என்று வானொலியில் மண்சரிவுச் செய்தி வர வர, எந்தத் தோட்டம் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர் போன அனர்த்தம் அது. கரண்ட் போனால் டவர் தன் பற்றரியில் சில மணி நேரம்தான் தாங்கும், பிறகு ஜெனரேட்டர் கொண்டுபோக வேண்டும், பாதையே சரிந்து கிடக்கும்போது யார் கொண்டுபோவது? இன்னொன்றும் மருமகன் சொன்னான், மலையில் பல டவர்கள் ஒன்றுக்கொன்று நுண்ணலையால் கைகோத்து நிற்பவை, நடுவில் ஒன்று விழுந்தால் அதற்குப் பின்னால் இருப்பவையும் நல்லபடி நின்றாலும் ஊமைதான். ஆகவே உங்களுக்கு டவர் கேட்கும்போது வெறும் டவர் என்று கேட்காதே, சூரியத் தகடும் நாள்கணக்கில் தாங்கும் பற்றரியும் உள்ளதாகக் கேள். வெயில் நாளில் வீடியோ ஓடுவதைவிட அடைமழை இரவில் ஒரு கோல் போவதுதான் உங்களுக்கு முக்கியம்.

அதுவரைக்கும் சும்மா இருக்கவும் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தாலும் அது குறுஞ்செய்தியாக உன் ஷொப்பிங் பைக்குள் எப்போது வந்து விழும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது, அதற்குப் போன் தேவையில்லை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாக இரு, 100 என்றால் ஆயத்தமாகு, 150 என்றால் வெளியேறு. நீ படிப்பிக்கும் பாடசாலையில் ஒரு மழைமானியை வை, பெரிய வகுப்புப் பிள்ளைகள் அளந்து எழுதட்டும், விஞ்ஞானப் பாடமாகவும் ஆகும். 100 தாண்டினால் கோயில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும், கரண்ட் இல்லாத நாளுக்குக் கோயில் மணியை இத்தனை தரம் அடித்தால் இறங்க வேண்டும் என்று இப்போதே பேசி வையுங்கள். நிலத்தில் வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கல், மரம் சாய்வு, இதைக் கண்டால் அளவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்களோடு மலை இறங்கினதை நாம் இரண்டு பேரும் மறந்தவர்கள் இல்லை.

அப்புறம் டவர் கேட்டு எழுதும் அந்த மனு விஷயம். போன் கம்பனிக்காரர் ஆள் குறைவு, வருமானம் குறைவு என்று சொன்னதாகச் சொன்னாய். எனக்கு அதில் கோபம்தான் வருகிறது. நீயும் நானும் ஒரே டேட்டா பொதிக்கு ஒரே காசுதான் கட்டுகிறோம், நான் முழுக்கப் பாவிக்கிறேன், உன்னுடையது பாதிக்கு மேல் காலாவதியாகிறது. கொழுந்து எடுக்கிற அம்மாமாரின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனதே 2021இல்தான், அந்தக் காசில் ரீலோட் போடுகிறவர்கள் அவர்கள். அதே 2021இல் பாடசாலை பூட்டிக் கிடந்தபோது பதுளை மாவட்டத்து போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் காட்டு வழியால் பாறை உச்சிக்கு ஏறி ஒன்லைன் பாடம் எடுத்த செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது, உன் வகுப்புப் பிள்ளைகளும் தேயிலைச் செடிக்கு நடுவே குடை பிடித்து இருந்தார்கள், அதை எழுத யாரும் வரவில்லை. நிலமும் ஒரு சிக்கல், தெரியும். தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது, 1992இலிருந்து தோட்டக் கம்பனிகளின் கையில், ஒரு டவருக்கு இடம் விடவே எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும். பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வேலை செய்யச் சட்டம் திருத்தப்பட்டதே 2018இல்தான். இப்போது அந்தச் சாட்டு இல்லை, அதனால் சபை உறுப்பினரையும் விடாதே.

மனுவைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதுவோம், பிரதி பிரதேச செயலகத்துக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கும். கவரேஜ் இல்லை என்று மொட்டையாக எழுதினால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். லயம் லயமாகப் போய் எந்த இடத்தில் எந்த சிம் வேலை செய்கிறது, எங்கே அறவே இல்லை என்று ஒரு தாளில் படம் போட்டுக் குறி, பிள்ளைத்தாய்ச்சிகள், வயதானவர்கள் எத்தனை பேர் என்று தோட்ட மருத்துவமாதுவிடம் கேட்டுச் சேர், அம்மாவின் இரவையும் அப்படியே எழுது. மிச்ச நடையை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

வீட்டுக்கு உடனடியாகச் செய்யக்கூடியது: 2ஜியில் ஓடும் ஒரு பழைய பட்டன் போனில் ஒரு சிம் போட்டு அந்த ஆணிக்கே விட்டுவிடு, அவசரத்துக்கு அதுதான். அந்த சிம்மும் உன் போன் சிம்மும் ஒரே கம்பனியாக இருக்க வேண்டாம். கோல் போகாவிட்டால் எஸ்எம்எஸ் போடு, ஒரு நொடி தொடர்பு கிடைத்தாலே அது போய்விடும். கூரையில் டவரைப் பார்த்துக் கட்டும் அன்டெனாவோடு ஒரு ரவுட்டர் வைத்து நாலு வீடு சேர்ந்து பாவிக்கலாம் என்கிறான் மருமகன், வாங்குவதற்கு முன்னால் அவனே வந்து வளைவு, கூரை எல்லாம் அளந்து பார்க்கிறானாம். பூஸ்டர் என்று டவுனில் யாராவது விற்றால் வாங்காதே, அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாதது, மற்றவர்களின் கவரேஜையும் கெடுக்கும்.

இங்கே வேறு பெரிய புதினம் இல்லை. தம்பலகாமத்து வயல் இந்த முறை பரவாயில்லை. மூத்தவள் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருடம். அம்மாவுக்கு வைத்தியசாலையில் கொடுத்த மருந்துத் துண்டை அடுத்த முறை டவுனுக்கு வரும்போது படம் எடுத்து அனுப்பு, அவளிடம் காட்டி நேரத்துக்கு எது எது என்று பெரிய எழுத்தில் எழுதி, பட்டன் போன் ஒன்றும் வாங்கி, மருமகன் வரும்போது கொடுத்து விடுகிறேன்.

அன்புடன்,
உன் திருமலை மச்சான்