பசுமைத் தணிக்கை யாருக்காக?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான நாக் நடத்தும் தரமதிப்பீட்டின் ஏழாவது அளவுகோலுக்காகக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பசுமைத் தணிக்கை, எரிசக்தித் தணிக்கை, சுற்றுச்சூழல் தணிக்கை என்று அறிக்கைகளை அளித்து வந்துள்ளன. அவை எப்படித் தயாராகின்றன என்பதை, முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் அருகிருந்து பார்த்ததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மதிப்பீட்டுக் குழு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன் வெளியிலிருந்து இருவர் வருவார்கள், மரங்களை எண்ணுவார்கள், சூரிய மின்தகடு, மழைநீர்த் தொட்டி, மண்புழு உரக்குழி ஆகியவற்றை இடக்குறியுடன் படம் எடுப்பார்கள், சில வாரங்களில் ஒரு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் முதல்வர் அறைச் சுவரில் ஏறிவிடும். நான் பணியாற்றிய கல்லூரியில் அப்படி ஏறிய ஆண்டில், போன மாதம் எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது என்று ஆசிரியர் அறையில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. எலெக்ட்ரீஷியனுக்குத் தெரிந்திருந்தது. ஜெனரேட்டர் அறையில் அவர் வைத்திருந்த நீள நோட்டில் நாள்தோறும் எடுத்த மீட்டர் அளவும், ஊற்றிய டீசலின் லிட்டர் கணக்கும் பிசகில்லாமல் இருந்தன. அந்த நோட்டைத் தணிக்கைக்கு வந்தவர்கள் புரட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக, சுற்றுச்சூழல் கல்வி எல்லா இளநிலை மாணவர்களுக்கும் கட்டாயப் பாடமானது. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு வகுத்த மாதிரிப் பாடத்திட்டம் 100 மதிப்பெண்களில் 25ஐக் களப்பணிக்கு ஒதுக்கியது. நடைமுறையிலோ அந்த 25 மதிப்பெண்கள், மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதற்கும் குளத்தின் படத்தை ஒட்டுவதற்கும் பல இடங்களில் போய்விட்டன. களம் தேடும் மாணவர்களும், அளந்து பார்க்க ஆளில்லாத வளாகமும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு.

அளப்பது பெரிய வித்தையன்று. உயரழுத்த மின் இணைப்புக்கு மாதந்தோறும் பில் வருகிறது. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோவும், ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 2.7 கிலோவும் கரியமில வாயு வெளியாகிறது என்று சொல்லிக்கொடுத்தால் முதலாண்டு மாணவரே பெருக்கிவிடுவார். தண்ணீர்தான் கடினம். ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றுக்கு மீட்டர் கிடையாது. எனவே எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்ற கேள்வியே எழுவதில்லை. ஆனால் 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப எத்தனை நொடிகள் ஆகின்றன என்று பார்த்து, மோட்டார் ஓடும் நேரத்தைக் காவலாளியிடம் கேட்டுக் குறித்துக்கொண்டால், ஓரளவு நம்பத்தக்க கணக்குக் கிடைத்துவிடும். லாரித் தண்ணீருக்கு ரசீது இருக்கிறது. விடுதியில் மீந்த சோற்றை ஒரு வாரம் எடை போட்டுப் பார்த்தால், மாணவர்களுக்கு வேறு சொற்பொழிவு தேவைப்படாது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்வி நிறுவனங்களையும் பெருமளவில் கழிவு உருவாக்குவோராகவே கருதின. எடை போடாமல் அந்த வரையறைக்குள் வருகிறோமா என்பதையே எப்படி அறிவது?

அளந்ததை வெளியிடுவதில்தான் தயக்கம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் தங்கள் எரிசக்தி, தண்ணீர், கழிவு விவரங்களை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயமாக வெளியிட வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்திருக்கிறது. இதை வணிகவியல் மாணவருக்குக் கற்பிக்கும் நாம், நம் கட்டடத்தின் கணக்கைக் கோப்புக்குள் வைத்திருக்கிறோம். அரசுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கேட்காமலேயே தகவல்களை வெளியிடச் சொல்கிறது. மின் பில்லில் என்ன ரகசியம் இருக்க முடியும்? இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010 முதல் வெளியிட்டுவரும் கிரீன்மெட்ரிக் போன்ற தரவரிசைகளில் இடம்பிடித்தால் வாசலில் பிளக்ஸ் வைக்கிறோம். அவையும் பெரும்பாலும் பல்கலைக்கழகங்கள் தாமே நிரப்பித் தரும் விவரங்களைக் கொண்டவைதாம்.

இன்னொரு தரவரிசையை நான் கேட்கவில்லை. மாட்டுப்பண்ணையும் வயல்களும் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தையும், நகர நடுவே நான்கு கட்டடங்களில் இயங்கும் கலைக் கல்லூரியையும் ஒரே தட்டில் நிறுப்பது நியாயமாகாது; புதிய விடுதி திறந்த ஆண்டில் செலவு கூடத்தான் செய்யும், அதைக் காரணத்தோடு எழுதினால் போதும். பன்னிரண்டு மாத மின்சாரம், டீசல், தண்ணீர், குப்பையின் எடை ஆகியவை முந்தைய ஆண்டின் அளவுகளோடு ஒரே பக்கத்தில், பதிவாளர் அல்லது முதல்வர் கையொப்பத்துடன், ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வெளிவர வேண்டும் என்று உயர்கல்வித் துறை ஆணையிட வேண்டும். அளந்த மாணவர்களுக்கு அந்த 25 மதிப்பெண்களை அதற்கே வழங்கலாம். அடுத்த தணிக்கைச் சான்றிதழுக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து, முதலில் ஆழ்துளைக் கிணறுகளுக்கு மீட்டர் பொருத்தட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர்,
மதுரை.