வாஷர் பீய்ச்சவில்லை என்றால் பம்பைக் குறை சொல்லாதீர்கள்: பழைய கார் கழகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கார் கழகங்களின் வண்டிச் சோதனைக் குழுவினருக்கும், அந்தக் கார்களுக்கு வேலை பார்க்கும் பட்டறை நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நெடும்பயணத்துக்கு வண்டிகளை அனுப்பும் முன் பிரேக், ஸ்டியரிங், டயர், விளக்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். முன்கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும் வாஷருக்கு வரும்போது மட்டும் பட்டனை ஒரு தட்டுத் தட்டி, கண்ணாடியில் ஏதோ ஈரம் தெரிந்தால் 'சரி' என்று குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறீர்கள். நின்ற வண்டியில் கண்ணாடியின் அடியை மட்டும் நனைக்கிற வாஷர், ஓடுகிற வண்டியில் எதற்கும் உதவாது. எதிர்க்காற்று அந்தத் தண்ணீரைக் கீழேயே அமுக்கிவிடும். முன்னால் போகும் லாரி சேற்றை வாரி அடிக்கும்போது வைப்பர் மட்டும் ஓடினால் சேறு மெழுகினாற்போல் பரவிப் பாதையே தெரியாமல் போகும். அதிலிருக்கும் மணல் துகள், மாற்றுக் கிடைக்காத பழைய கண்ணாடியில் வில் வில்லாகக் கீறிவிடும்.

எனவே முதல் வேண்டுகோள்: பட்டனை 3 நொடி விடாமல் அழுத்துங்கள். வைப்பர் துடைக்கும் பரப்பின் மேல்பாதியில் இரண்டு தாரையும் விழ வேண்டும். விழாத வண்டி தேறவில்லை என்றே எழுதுங்கள்.

இரண்டாவது வேண்டுகோள் பட்டறைகளுக்கு. வாஷர் வலுவிழந்தால் உடனே புதுப் பம்ப் வாங்கச் சொல்கிற வழக்கத்தை விடுங்கள். பம்புக்கு முன்னும் பின்னும் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் நிறைய உண்டு. பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

தாரைகளைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒரு நாசில் (தண்ணீர் பீய்ச்சும் முனை) நன்றாக அடித்து இன்னொன்று மட்டும் சோர்ந்தால் பம்ப், பாட்டில், வயரிங் எதையும் தொட வேண்டாம். கோளாறு டீ ஜாயின்டுக்கு, அதாவது டியூப் இரு நாசிலுக்கும் பிரியும் இடத்துக்கு, அப்பால். இரண்டும் சோர்ந்தால் பெரும்பாலும் டீக்கு இப்பால். முதலில் நன்றாக வந்து பிறகு மெல்ல மெல்ல அடங்கினால் பாட்டில் மூடியைத் திறந்து வைத்து மறுபடி அழுத்துங்கள். இப்போது குறையாமல் வந்தால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. தண்ணீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் பாட்டிலுக்குள் வெற்றிடம் உண்டாகிப் பம்பையே பின்னுக்கு இழுக்கும். ஊசி முனையால் ஒரு குத்து போதும், வேலை முடிந்தது.

அப்படித் தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஓர் அளவுக் குவளையை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பின் வெளிவாயிலிலிருந்து டியூபைக் கழற்றி, அங்கே ஒரு குட்டித் துண்டு டியூபை மாட்டிக் குவளைக்குள் விட்டு, 10 நொடி ஓட்டி அளவைக் குறியுங்கள். பிறகு ஒருவழி வால்வுக்கு அடுத்த முனையில் அதே 10 நொடி. பிறகு டீக்கு அடுத்து, இரு கிளையையும் சேர்த்து. எந்த இடத்தில் அளவு சட்டென்று சரிகிறதோ, கோளாறு அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில். 10 நொடிக்கு மேல் ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள்; இந்தச் சின்ன மோட்டார்கள் விட்டு விட்டு ஓடச் செய்யப்பட்டவை. தண்ணீர் இல்லாமலும் ஓட்டக் கூடாது. பம்பின் சீலுக்கு அந்தத் தண்ணீர்தான் மசகு.

பம்ப் வாயிலிலேயே தண்ணீர் குறைவு என்றால்கூட அவசரம் வேண்டாம். பாட்டிலுக்குள் தொங்கும் உறிஞ்சு டியூபை வெளியே எடுத்து அதன் நுனியைப் பாருங்கள். நுண்ணிய கண்களோடு ஒரு சல்லடை இருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் அதன்மேல் பாசி வழவழவென்று தோல் போலப் படர்ந்திருக்கும்; விரலால் இழுத்தால் முழுசாக உரிந்து வரும். பாட்டிலை வெந்நீரும் ஒரு பிடி அரிசியும் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். சல்லடையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். அது தடுக்கும் குப்பை அடுத்து போய் நிற்கிற இடம் நாசில்.

டியூபில் வெளியே தெரியாத வஞ்சகம் ஒன்று உண்டு. பழைய ரப்பர் டியூப் வெளியில் பளபளவென்று இருக்கும், உள்ளே ஊதி வழியைச் சுருக்கியிருக்கும். பிவிசி டியூப் எஞ்சின் சூட்டில் விறைத்து, மாட்டுகிற முனையில் மயிரிழை விரிசல் விடும். விரிசல் பம்புக்குப் பின்னால் இருந்தால் தண்ணீர் சொட்டிக் காட்டிக்கொடுக்கும். முன்னால், உறிஞ்சும் பக்கத்தில், பாட்டிலின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. அங்கே காற்று உள்ளே போகும். இதைப் பிடிக்க நல்ல வழி, கண்ணாடி போலத் தெரியும் டியூப் ஒரு சாண் இடையில் மாட்டி ஓட்டுவது. குமிழிகள் வரிசையாக ஓடினால் காற்று இழுக்கிறது. விறைத்த முனையில் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, வெந்நீரில் முக்கி மறுபடி மாட்டுவது அன்றைய பயணத்துக்குப் போதும். வீடு திரும்பியதும் முழு டியூபையும் மாற்றுங்கள். பழையதின் உள்விட்டத்தை அளந்தே வாங்க வேண்டும். உள்விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாவதோடு நிற்காது, பல மடங்கு குறையும். டேஷ்போர்டுக்குப் பின்னால் கூர்மையாக மடங்கி நெரிந்திருக்கிறதா என்று கை விட்டுத் தடவிப் பாருங்கள்.

ஒருவழி வால்வு இருக்கும் வண்டிகளில் அதன் அம்புக்குறி நாசிலைப் பார்க்க வேண்டும். வாயால் ஊதினால் ஒரு பக்கம் எளிதில் போக வேண்டும், மறுபக்கம் போகவே கூடாது. ஊதுவதற்கே முக்க வேண்டியிருந்தால் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரு பக்கமும் போனால் டியூபிலுள்ள தண்ணீர் ஒவ்வொரு முறையும் பாட்டிலுக்கு இறங்கிவிடும். அழுத்தியதும் மோட்டார் சத்தம் மட்டும் கேட்டு, இரண்டு மூன்று நொடி கழித்துத் தண்ணீர் வருவது இதனால்தான்.

நாசிலைக் குண்டூசியால் குத்திப் பெரிதாக்குவதுதான் எங்களை மிகவும் வருத்தும் பழக்கம். 0.8 மி.மீ. துளை 1.1 மி.மீ. ஆனால் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. சின்னப் பம்ப் அதை நிரப்ப முடியாமல் தாரை மழுங்கி விழும். பித்தளை நாசிலைக் கழற்றி, உப்புப் படிவம் கரைய வெள்ளை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய செம்புக் கம்பி இழையை விட்டு இழுத்து, வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாகக் காற்றடியுங்கள். வந்த வழியே குப்பை திரும்பிப் போகும். குரோம் பூச்சு உரியத் தொடங்கியிருந்தால் வினிகர் வேண்டாம், வெந்நீரே போதும்.

இனி மின்சாரம். இங்கேதான் நல்ல பம்புகள் அதிகம் குப்பைக்குப் போகின்றன. பம்பின் வயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். 'கரண்ட் சரியாக வருகிறது, பம்ப்தான் போய்விட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கரண்ட் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டேஜைக் காட்டும். வயரை மாட்டி, பம்ப் ஓடும்போதே அதன் இரு முனைகளிலும் அளக்க வேண்டும். எஞ்சின் நின்றிருக்க, பேட்டரியில் 12.6 இருந்து பம்பில் 11.5-க்குக் கீழே வந்தால் வழியில் இழப்பு இருக்கிறது. 3 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் ஒரு ஓம் துருவுக்கு 3 வோல்ட் வரை போய்விடும். 6 வோல்ட் வண்டியில் அதே ஒரு ஓம் எவ்வளவு பெரிய பங்கைத் தின்னும் என்று சொல்லத் தேவையில்லை.

பேட்டரியின் எர்த் முனையிலிருந்து பம்பின் எர்த் முனைக்கு நேராக ஒரு வயர் போட்டுப் பாருங்கள். தாரை எழுந்தால் குறை எர்த்தில். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிகளில் இது அடிக்கடி வரும். எர்த் வளையத்துக்குக் கீழே அழகான பெயின்ட் இருக்கும், கரண்ட் திருகின் இரண்டு மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருக்கும். வளையம் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயின்டைச் சுரண்டி, முறுக்கிய பின் மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பாசிட்டிவ் எர்த் வண்டிகளில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைத்தவை) புதுப் பம்ப் மாட்டுவோர் கவனிக்க: இந்தப் பம்புகளில் நிலைக்காந்த மோட்டார் இருப்பதால் வயர் மாறினால் தலைகீழாகச் சுற்றும். விசிறி வகைப் பம்ப் தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தள்ளும். அதனால் 'புதுப் பம்பும் வலுவில்லை' என்று தோன்றும். இரண்டு வயரையும் இடம் மாற்றினாலே போதும். இந்த வகை தானாக உறிஞ்சாது. பாட்டிலின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான் பொருத்த வேண்டும்.

கையால் அழுத்தும் பம்புகளில் உள்ளே இருக்கும் அடைப்பு வளையம் காய்ந்திருக்கும். ரப்பராக இருந்தால் சிலிகான் கிரீஸ் மட்டும் தடவுங்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஸ்டெப்னியின் காற்றால் பீய்ச்சும் வோக்ஸ்வேகன் பீட்டிலில் ஸ்டெப்னி டயரின் அழுத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டயர் முழுதும் காலியாகாமல் இருக்க ஒரு வால்வு வழியை மூடிவிடும். அதன்பின் வாஷர் வேலை செய்யாது.

பாட்டிலில் ரேடியேட்டர் கூலன்ட் ஊற்றுகிறவர்களைத் தடுத்துச் சொல்லுங்கள். அது கண்ணாடியில் எண்ணெய் போலப் படியும், பெயின்டையும் கெடுக்கும். பாத்திரம் கழுவும் சோப்பும் ஆகாது. நுரைத்துக் காய்ந்து நாசிலை அடைக்கும்.

கடைசியாக, காட்சிப் போட்டிகளில் மதிப்பெண் போடும் நடுவர்களுக்கு. அசல் பம்பை அதன் இடத்தில் அப்படியே வைத்துவிட்டு, கண்ணில் படாமல் ஒரு புதுப் பம்பைச் சேர்த்திருக்கிற வண்டிக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அசல் பம்பே ஆனாலும் கண்ணாடியை நனைக்காத வண்டிக்குக் குறையுங்கள். அடுத்த பயணத்துக்கான சோதனைத் தாளில் 'வாஷர்' என்ற ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டு, '3 நொடி, இரண்டு தாரை, கண்ணாடியின் மேல்பாதி' என்று அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார்களைப் பழுது பார்ப்போர் சிலர்