அவர்கள் ஆடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் மெக்சிகோவின் மாண்டே அல்பான் என்ற பழைய மலைநகரம் பற்றி வந்த கட்டுரையை என் மாணவி ஒருத்தியின் அம்மா கத்தரித்துக் கொண்டுவந்து கொடுத்தார். 'கல்லில் உறைந்த நடனம்' என்ற படக்குறிப்பைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்திருப்பார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அந்த மலைக்கு நான் போயிருக்கிறேன். மெக்சிகோ சிட்டியில் வேலை பார்த்த மகள், அந்த மலைக்குப் பக்கத்தில் உள்ள வஹாக்கா நகருக்கு அழைத்துப்போனாள். பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். நம் பரங்கிமலை அதன் முன் சின்ன மேடு. சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் சபோடெக் மக்கள் அங்கே நகரம் எழுப்பத் தொடங்கினார்கள். பிறகு மலையுச்சியையே சமப்படுத்தி, 300 மீட்டர் நீளத்துக்குச் சதுக்கம் அமைத்தார்கள். வண்டி கிடையாது, பொதி சுமக்க மாடும் கிடையாது. எல்லாம் மனிதத் தோள்தான்.

சதுக்கத்தின் மேற்குப் பக்கம், நீங்கள் நடனம் என்று படம் போட்ட, மனித உருவங்கள் செதுக்கிய அந்தக் கற்கள் இருக்கின்றன. இதுவரை கிடைத்தவை 300-க்கும் மேல். 'நடனக்காரர்கள்' என்பது வளைந்த கைகால்களைப் பார்த்து எப்போதோ வைத்த ஸ்பானியப் பெயர். நான் 38 ஆண்டுகளாக மயிலாப்பூரில் பரதம் சொல்லித்தருகிறேன். அரைமண்டியில் உட்கார்ந்தால் உடம்பின் பாரம் பாதத்துக்கு இறங்க வேண்டும். கை போகும் இடத்துக்குக் கண் போக வேண்டும். அந்த உருவங்களில் பாதம் தரையை அழுத்தவில்லை, கைகள் துவண்டு தொங்குகின்றன. கண் மூடி, வாய் திறந்திருக்கிறது. உடம்பில் துணி இல்லை. சிலருக்கு இடுப்புக்குக் கீழே ரத்தம் வழிவதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

இவர்கள் கொல்லப்பட்ட போர்க்கைதிகள் என்பதுதான் இன்று பல ஆய்வாளர்களின் கருத்து. அதே சதுக்கத்தில், அம்புமுனை வடிவக் கட்டடத்தின் சுவரில், வென்ற ஊர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் நடனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில உருவங்களுக்குப் பக்கத்தில் எழுத்துக்குறிகள் உண்டு. அமெரிக்கக் கண்டத்தின் மிகப் பழைய எழுத்துகளில் அவையும் சேரும். அவை அந்த மனிதர்களின் பெயர்களாக இருக்கலாமாம். பின்னால் வந்தவர்கள் சில கற்களைப் படிக்கட்டாகவும் போட்டுவிட்டார்கள்.

கட்டுரை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்றபடி நன்றாகவே எழுதியிருந்தார். அந்தப் பழைய பெயரையும் போடுங்கள், சரி. ஆனால் அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் வெளியிடுங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து அதேபோல நின்று காட்டினார்கள்.

– நாட்டிய ஆசிரியை,
மயிலாப்பூர், சென்னை