கூரையில் இருப்பதைக் கழற்ற வேண்டாம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். குரல் பதிவு அனுப்பலாம் என்றால் பாதியில் உன் அம்மா குறுக்கே பேசிவிடுகிறாள். அதனால் உட்கார்ந்து டைப் செய்கிறேன்.

நீங்கள் அமெரிக்காவில் வாங்கிய 2006 மாடல் ஆர்.வி.யின் (வீடு போல வசதி உள்ள பயண வண்டியின்) படங்கள் வந்தன. அம்மா அடுப்பையும் குளியலறையையும் பார்த்தாள். நான் கூரையைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். வௌவால் சிறகை விரித்துப் படுத்த மாதிரி வெள்ளையாக ஒன்று இருக்கிறதே, அது டிவி ஆன்டெனா. டிஜிட்டல் காலத்தில் அது உதவாது, கழற்றிவிட்டு சாட்டிலைட் டிஷ் வைக்கலாம் என்று மாப்பிள்ளை நினைக்கிறாராம். நான் சொன்னதாகச் சொல்லாமல் நீயே பக்குவமாகச் சொல்: இப்போதைக்கு அதில் கை வைக்க வேண்டாம். அந்த ஊரில் அதற்குப் பெயரே 'பேட்விங்'. 2009 ஜூன் 12-ஆம் தேதி அமெரிக்காவின் பெரிய டிவி நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன, சரிதான். மாறியது டிவிக்குள் சிக்னலைப் பிரித்துப் படமாக்கும் ட்யூனர். ஆன்டெனாவுக்கு அனலாக்கும் தெரியாது, டிஜிட்டலும் தெரியாது. 'எச்.டி. ஆன்டெனா' என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது வியாபாரம்.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது வாடகைக்கு ஒரு வண்டி எடுத்துப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? டிவியில் ஒன்றுமே வரவில்லை, ஆன்டெனா போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். அலமாரிக்குள் தட்டுகளுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரில் தீப்பெட்டி அளவில் ஒரு பிளேட், அதில் ஒரு பொத்தான். அமுக்கினேன், பச்சை விளக்கு எரிந்தது. அது பூஸ்டர் சுவிட்ச். அதைப் போட்டால்தான் கேபிள் வழியாகவே 12 வோல்ட் மேலே ஏறி ஆன்டெனாவில் இருக்கும் பூஸ்டருக்கு உயிர் வரும். ஸ்கேன் செய்ததும் சேனல்கள் வரிசையாக வந்தன. உங்கள் வண்டியிலும் முதலில் அதைத் தேடு. வண்டிகள் தங்கும் முகாமில் கொடுக்கும் கேபிள் கனெக்‌ஷனில் பார்க்கும்போது மட்டும் அதை அணைத்துவிட வேண்டும்.

விளக்கு எரிந்தும் படம் வரவில்லையா? ஒயரைச் சந்தேகப்படு. இத்தனை வருஷம் வெயிலும் பனியும் பட்ட கனெக்டரில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதை வெட்டிவிட்டுப் புதிது மாட்டு. ஒயரையே மாற்றுவதானால் ஆர்.ஜி. 6 என்கிற டிவி கேபிள் வகை போதும். இடையில் யாராவது ஒரு கேபிளை இரண்டாகப் பிரிக்கும் மலிவான ஸ்ப்ளிட்டர் மாட்டியிருந்தால் 12 வோல்ட் அதைத் தாண்டி மேலே போகாமல் நின்றுவிடும். மல்டிமீட்டர் வைத்து ஆன்டெனா பக்கத்து முனையில் வோல்டேஜ் வருகிறதா பார்க்கச் சொல். கடை வைத்திருந்த காலத்தில் 'ஆன்டெனா ரிப்பேர்' என்று வந்ததில் பாதிக்கு மேல் ஒயர் ரிப்பேர்தான்.

'150 மைல் இழுக்கும்' என்று விற்கிற சாமானை வாங்கிவிடாதே. பூமி உருண்டை. சாதாரணமாக அறுபது எழுபது மைலுக்கு அப்பால் டிவி நிலையத்தின் கோபுரம் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். தூத்துக்குடியில் நாங்கள் இலங்கை டிவியான ரூபவாகினி பார்த்தது பூஸ்டர் மகிமையால் மட்டும் இல்லை. அவர்கள் டிரான்ஸ்மிட்டரை வைத்தது இலங்கையிலேயே உயரமான பீதுருதாலகாலை மலைமேல். நடுவில் மறைக்கக் கடலில் என்ன இருக்கிறது? இங்கே மாடியில் ஆன்டெனாக் குழாயை எவ்வளவு உயர்த்தினோமோ அவ்வளவு படம். இல்லாத சிக்னலை எந்த பூஸ்டரும் உண்டாக்காது, இருப்பதைத்தான் பெருக்கும், இரைச்சலையும் சேர்த்து.

ஒரு வித்தியாசம் உண்டு. அன்றைக்குப் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும், அதைப் பார்த்தே குழாயைத் திருப்புவோம். டிஜிட்டலில் வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் கறுப்புத் திரை. அதனால் டிவி மெனுவில் சிக்னல் அளவு காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பு. ஒவ்வொரு ஊரிலும் மறுபடி ஸ்கேன். திருப்பிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை என்றால் எல்லாப் பக்கமும் வாங்கும் வட்ட ஆன்டெனா இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக நிறுத்துகிற உங்களுக்கு அது சரிப்படாது.

டிஷ் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் டிஷ் ஏறக்குறைய தலைக்கு மேலே பார்க்கும், பக்கத்தில் தென்னை நின்றாலும் கவலை இல்லை. நீங்கள் போவதோ அயோவா, தெற்கு டகோட்டா, வயோமிங். அங்கிருந்து பார்த்தால் அந்த சாட்டிலைட் தெற்கே, பாதி வானத்துக்கும் கீழே நிற்கும். நிழலுக்காக மரத்தடியில் வண்டியை நிறுத்துவீர்கள், அந்த மரமே மறைத்துவிடும். சந்தா வேறு. ஆன்டெனாவில் ஏ.பி.சி., என்.பி.சி., சி.பி.எஸ்., ஃபாக்ஸ், பி.பி.எஸ். எல்லாம் இலவசம். பல ஊர்களில் குழந்தைகள் சேனலான பி.பி.எஸ். கிட்ஸும் வரும், பேரன் அதைப் பார்க்கட்டும். தமிழ் சேனலுக்கு ஃபோன் இருக்கிறது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குள் ஏதாவது வந்தால் அதிசயம்; அங்கே போயும் டிவி எதற்கு?

செலவு செய்தே ஆக வேண்டியது டிவிக்கு. வண்டியில் இருக்கும் அந்தப் பழைய குண்டு டிவியில் டிஜிட்டல் ட்யூனர் இருக்காது. 12 வோல்ட்டில் ஓடும் சின்ன டிவி ஒன்று வாங்கு. வீட்டு டிவியை பேட்டரியில் நேராக மாட்டக் கூடாது. சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் போகும்.

நான் இவ்வளவு எழுதுவது சினிமாவுக்காக இல்லை. கோடையில் அந்தப் பக்கம் டொர்னாடோ என்கிற சூறாவளி வரும் என்று எனக்குத் தெரியும். 92 நவம்பர் புயலில் நம் மாடிக் குழாய் வில்லாக வளைந்ததைப் பார்த்தவன் நான். சாட்டிலைட்டில் உங்கள் வீட்டு ஊர்ச் செய்திதான் வரும், தூரம் போனால் அதுவும் வராது. ஆன்டெனாவில்தான் நிற்கிற ஊரின் வானிலை வரும். எச்சரிக்கையைக் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பெயர் சொல்லித்தான் கொடுப்பார்கள். ராத்திரி எங்கே நிறுத்தினாலும் அது எந்தக் கவுண்டி என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டிவை.

அப்புறம், ஆன்டெனாவை உயர்த்தியபடியே வண்டியை எடுத்து மரக்கிளையில் மாட்டி உடைப்பவர்கள்தான் அதிகமாம். உயர்த்தியதும் வண்டிச் சாவியை, ஆன்டெனாவை உயர்த்த உள்ளே இருந்து சுற்றும் கைப்பிடியிலேயே தொங்கவிடு. மாப்பிள்ளைக்கும் சொல்.

அலமாரிக்குள் அந்த பிளேட் இருக்கிறதா என்று நாளைக்குப் பார்த்து, பொத்தானை அமுக்கி, படம் எடுத்து அனுப்பு. விளக்கு தெரிகிற மாதிரி எடு.

அன்புடன்,
அப்பா