படத்தில் இருக்கிற சேலையை நெய்தது யார்?

மதிப்புக்குரிய நெசவாளர் கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழுவினருக்கும் மேலாளர் ஐயாவுக்கும் வணக்கம்.

காஞ்சிபுரத்தில் உங்கள் சங்கத்துக்குத் தறி ஓட்டும் நெசவாளி ஒருவரின் மகள் எழுதுகிறேன். வெறும் மகள் என்று சொல்வதும் சரியில்லை, சேலையின் உடலும் கரையும் சேருகிற கோர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கு இழை கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுகிறவளும் நான்தான், அதனால் பாதித் தறி என்னுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதற்காக எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்த அந்த அரக்குச் சேலை இன்னும் உங்கள் அலுவலக பீரோவில்தான் இருக்கிறது.

ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் சங்கத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படம் வந்தது. கோயில் மண்டபத்தில் ஒரு பெண் நிற்கிறாள், அரக்கு உடல், பொன்னை உருக்கி ஊற்றின மாதிரி கரை, முந்தி முழுக்க மயில். பார்த்தவர்கள் எல்லாம் இதயத்தை அழுத்திவிட்டுப் போனார்கள். நானும் அழுத்தினேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுத்தினேன். அந்தப் பெண்ணும் கிடையாது, அந்தச் சேலையும் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரைச் செய்யச் சொன்ன படம் என்று எனக்கு அப்போது தெரியாது. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் அதே சேலை வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தது. அந்தப் படத்தையே கலரில் பிரிண்ட் எடுத்து, இதுதான் டிசைன் என்று அப்பாவிடம் கொடுத்தீர்கள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தார். அப்புறம் என் போனில் அதே படத்தை எடுக்கச் சொல்லி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த மயிலுக்கு மூணு காலு இருக்கே" என்றார். சிரித்தோம். சிரித்த பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. இடுப்புப் பக்கம் மயிலாக இருக்கிற கரை கீழே வரவர அன்னமாகி, கால் பக்கத்தில் வெறும் கொடியாகிவிடுகிறது. எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட்ட டிசைன் திரும்பத் திரும்ப அதேதான் வரும், சாணுக்குச் சாண் மாறுகிற கரைக்கு எந்த அட்டையை அடிப்பது? கோர்வையில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாகத் தனித்தனி நாடாவில் ஓடி, சேருகிற இடத்தில் பல் பல்லாகக் கோத்துக்கொள்ளும். அந்தப் பல்தான் எங்கள் கையெழுத்து. படத்தில் கரையும் உடலும் தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று வழிந்திருந்தது.

இதை மேலாளர் ஐயாவிடம் அப்பா நேரிலேயே வந்து சொன்னார். "கிட்டத்தட்ட அதே மாதிரி வந்தால் போதும்" என்றீர்கள். சரி என்று வந்துவிட்டார்.

பதினெட்டு நாள். நடுவில் மூன்று நாள் மழை, தறிக்குழியில் தண்ணீர் ஊறி, சொம்பால் மொண்டு கொட்டிவிட்டுத்தான் அப்பா காலை இறக்கினார். கடைசியில் வந்த சேலை, நானே சொல்லக் கூடாது, ஆனால் அழகான சேலை. தாழம்பூ ரேக்குக் கரை, முந்தியில் இரண்டு கால் மயில். ஆர்டர் கொடுத்த பெங்களூர் அம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, படத்தில் இருக்கிற மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். காசு கொடுத்து ஒன்றைக் கேட்டார், வேறொன்று வந்தது.

கோபம் எங்கே வந்தது என்றால், அப்பாவின் கூலி நோட்டில். மூவாயிரம் ரூபாய் நிறுத்தி வைப்பு, காரணம் "டிசைன் மாறுபாடு" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நாற்பத்தோரு வருடம் நெய்த மனிதரின் நோட்டில் முதல் சிவப்பு மை. மூன்று கால் மயிலுக்கு எந்த நோட்டிலும் சிவப்பு மை இல்லை. அன்றைக்கு ராத்திரி அப்பா என்னிடம், "அந்தப் படத்தை மறுபடி காட்டு, நான் எங்க தப்பு பண்ணேன்னு பாக்கறேன்" என்று கேட்டார். நான் போனில் சார்ஜ் இல்லை என்று பொய் சொன்னேன்.

அதனால் ஒரே ஒரு கோரிக்கை. நாங்கள் நெய்த சேலையைப் படம் எடுத்துப் போடுங்கள். தறியிலிருந்து இறங்கிய சேலை எதுவோ அது மட்டும் சங்கத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வரட்டும்.

நல்ல படம் எடுக்க ஆள் இல்லை, கேமரா இல்லை, அதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு இல்லை என்று சொல்வீர்கள். கேமரா வேண்டாம், உங்கள் போனே போதும். பிளாஷ் போடாதீர்கள், பிளாஷ் பட்டால் ஜரிகை வெள்ளைத் தகரமாகத் தெரியும். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் திண்ணையில் நேர் வெயில் படாத இடமாகப் பார்த்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சேலையைப் போட்டு, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடித்தால் நிழல் தானாக மெலியும். திரையில் சேலையின் மேல் விரலை ஒரு நொடி அழுத்திப் பிடித்தால் வெளிச்சம் அதற்கே நிற்கும், பளிச்சென்று எரியாது. அலுவலகக் குழல்விளக்கில் மட்டும் எடுக்காதீர்கள். எம்.எஸ். சுப்புலட்சுமியின் பேரில் ஒரு நீலமே வைத்திருக்கிற ஊர் நம் ஊர். அந்த நீலமும் ஆனந்தா நீலமும் உங்கள் குழல்விளக்கில் ஒரே மாதிரி பள்ளிக்கூட யூனிபாரமாக விழுகின்றன.

மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறச் சேலைக்குப் படமே போதாது. நீளவாக்கில் ஓடுகிற பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடுகிற ஊடை ஒரு நிறம், திருப்பத் திருப்ப மாறும். ஒரு பக்கமிருந்து படம் எடுத்தால் ஒரு நிறம்தான் தெரியும், அப்புறம் பச்சை கேட்டேன் நீலம் வந்திருக்கிறது என்று போன் வரும், வந்துகொண்டுதான் இருக்கிறது. முந்தியைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பத்து விநாடி வீடியோ எடுத்தால் அந்த போன் வராது. கோர்வைப் பல் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம், பின்பக்கத்துக்கு ஒரு படம், முந்தி முழுசாக ஒன்று. கூடவே விலை. "விலைக்கு உள்பெட்டியில் வரவும்" என்று எழுதுவதை யார் கண்டுபிடித்தார்களோ, கூட்டுறவுச் சங்கத்துக்கு விலையில் என்ன ரகசியம்?

இன்னொன்று, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அமுக்கித்தான் அனுப்பும். நெசவாளியிடமிருந்து மேலாளருக்கு, மேலாளரிடமிருந்து சென்னையில் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிக்கு என்று கைமாறுவதற்குள் ஜரிகை இழை எல்லாம் மஞ்சள் களிம்பாகிவிடும். டாகுமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். இன்ஸ்டாகிராம்காரர்கள் 2025 ஜனவரியிலேயே பக்கத்தில் தெரிகிற சதுரக் கட்டங்களை நெட்டையாக மாற்றிவிட்டார்கள். நம் பக்கத்தில் இன்னும் சதுரமாகவே போடுவதால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, கீழே கரைக்குக் கரை நீட்டி எழுதிய போன் நம்பரில் முன்னால் ஒரு இலக்கமும் பின்னால் ஒரு இலக்கமும் காணவில்லை. அப்போதிலிருந்தே காணவில்லை. யாரும் கூப்பிடவில்லை என்று நீங்கள் கூட்டத்தில் வருத்தப்பட்டதாகக் கேள்வி.

அந்தத் தம்பியைக் குறை சொல்லவில்லை. அவர் தறியையே பார்த்ததில்லை, அவரைக் கூட்டிவந்து காட்டியதும் இல்லை. 2015இலிருந்து ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி தினம். இந்த வருடம் அதற்கு நம் பக்கத்தில் வந்த வாழ்த்துப் படத்தில் பின்னால் இருந்தது விசைத்தறி. நெட்டில் எடுத்த படம் போலிருக்கிறது. முன்னால் பெரிய மனிதர்கள் ஏழு பேர் கும்பிட்டபடி வட்டம் வட்டமாக இருந்தார்கள், நெசவாளி ஒருவர் கூட இல்லை, அது வேறு விஷயம், ஏழு வட்டம் போட்ட பிறகு இடம் எங்கே இருக்கப்போகிறது. விசைத்தறிக்காரர்கள் எங்கள் கரையைக் காப்பி அடிக்கக் கூடாது என்று 1985இல் பார்லிமென்ட் ஒரு சட்டமே போட்டது. 2005இல் காஞ்சிபுரம் பட்டுக்கு, ஊர்ப் பேரை வேறு யாரும் போட்டு விற்காமல் காக்கிற புவிசார் குறியீடு வந்தது. அத்தனையும் வைத்துக்கொண்டு, எந்த ஊர்த் தறியிலும் நெய்ய முடியாத சேலையை நம் சங்கமே தன் பேரில் காட்டுகிறது. குறியீடு யாருக்கு, மூன்று கால் மயிலுக்கா?

வெள்ளி விலை ஏறினால் ஜரிகை ஏறுகிறது, ஜரிகை ஏறினால் சேலை ஏறுகிறது, கூலிக்கு மட்டும் அந்த ஏணி எட்டுவதில்லை. எங்கள் தெருவில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலையில் எந்த வீட்டைத் தாண்டினாலும் தறிச் சத்தம் கேட்கும். இப்போது மூன்று வீடு. மற்ற வீட்டுப் பையன்கள் எல்லாம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். சரி, இதையெல்லாம் உங்களிடம் சொல்லி என்ன, உங்களுக்கும் தெரியும், உங்களிலும் பாதிப் பேர் தறி வீட்டில் பிறந்தவர்கள்தான். எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்க வந்தது இவ்வளவுதான். நெய்யாத சேலையின் படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள், நாங்கள் நெய்த சேலையைப் போடுங்கள். நிறுத்திய மூவாயிரத்தைக் கொடுத்து, அந்தச் சிவப்பு மைக்குக் கீழே ஒரு வரி நீல மையில் எழுதிவிட்டால் இன்னும் நல்லது. என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். பீரோவில் இருக்கிற அரக்குச் சேலையையும் வெளியே எடுங்கள், முதல் படம் அதுவாகவே இருக்கட்டும்.

வருகிற வியாழக்கிழமை எங்கள் தறியிலிருந்து ஒரு மாந்தளிர் நிறச் சேலை இறங்குகிறது, பாலும் பழமும் கட்டம். அந்தத் தம்பியைக் காலை எட்டு மணிக்குள் வரச் சொல்லுங்கள். ஒன்பதரைக்கு மேல் எங்கள் திண்ணையில் வெயில் ஏறிவிடும். வேட்டி நான் துவைத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள்,
பிள்ளையார்பாளையம்.