இருபது வரை சொல்கிறான், மூன்று எடுக்கத் தெரியவில்லை

அம்மாடி,

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் குட்டி ஒன், டூ என்று இருபது வரை மூச்சுவிடாமல் சொன்னான், நானும் கை தட்டினேன். அப்புறம் நீ "அம்மாச்சிக்கு மூணு பிஸ்கட் எடுத்துக் காட்டு" என்றதும் கை நிறைய அள்ளிக்கொண்டு வந்தான். உன் முகம் வாடியதைப் பார்த்தேன். அன்று ராத்திரியே அபாகஸ் வகுப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாய். வேண்டாம், இப்போது சேர்க்காதே.

முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் சொல்கிறேன், மூன்றரை வயதில் அது குறையே இல்லை. எண்களை வரிசையாகச் சொல்வது பாட்டு ஒப்பிப்பது மாதிரி. எண்ணி முடித்ததும் கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது வேறு, அதற்கு நாளாகும். கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-இல் நீ செய்த சோதனையைத்தான் செய்தார், பொம்மைகளைக் குவித்து வைத்து "மூன்று கொடு" என்று கேட்டார். குழந்தைகளுக்கு முதலில் 'ஒன்று' மட்டும் பிடிபடுகிறது, சில மாதம் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று', அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் எண்ணுவது எதற்கென்றே விளங்கி, எத்தனை கேட்டாலும் எண்ணி எடுத்துத் தந்துவிடுகிறார்கள். குட்டி அந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் நிற்கிறான், அவ்வளவுதான்.

அதற்காகச் சும்மா விட்டுவிடச் சொல்லவில்லை. 2007-இல் கிரெக் டங்கன் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் பிள்ளைகளைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பள்ளியில் சேரும்போது இருந்த எண்ணறிவுதான் பின்னால் வரும் கணக்கோடு மற்ற எதையும்விட நெருக்கமாகப் பொருந்தி வந்தது, பின்னாளைய வாசிப்போடுகூடத் தொடர்பு இருந்தது. ஆனால் இதை ஜாதகம் மாதிரி படிக்காதே. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற போக்கு அது. ஒன்றாம் வகுப்பில் ஐந்து குச்சி எண்ணத் தடுமாறி, நான்காம் வகுப்பில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

நீ இருக்கும் சிகாகோவிலேயே சூசன் லெவைன் என்பவரின் குழு வீடு வீடாகப் போய், ஒன்றிலிருந்து இரண்டரை வயது வரையான பிள்ளைகளோடு பெற்றோர் பேசுவதைப் படம் பிடித்தது. வீட்டுக்கு ஏழரை மணி நேரப் பதிவு, அதில் ஒரு வீட்டில் எண் சொற்கள் நான்கே நான்கு, இன்னொரு வீட்டில் 257! அதிகம் கேட்ட பிள்ளைகளுக்குத்தான் நான்கு வயதை நெருங்கும்போது எண்ணின் பொருள் நன்றாகப் புரிந்திருந்தது. அதிலும் கண்ணெதிரே இருக்கிற பொருளை எண்ணிச் சொன்னது கூடுதலாக உதவியிருக்கிறது. "தட்டில் நாலு இட்லி, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, நாலு இட்லி" என்று சொல்ல எந்த வகுப்புக்கும் போக வேண்டாம்.

தமிழில் சொல். லெவன், ட்வெல்வ் என்றால் உள்ளே பத்து இருப்பது குழந்தையின் காதில் விழாது, பதினொன்று, பதின்மூன்று என்றால் பத்து அங்கேயே நிற்கிறது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் தொண்ணூறில் தடுக்கும், என் வகுப்பில் எல்லோருக்கும் தடுக்கும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன்னிடம் ஒன்று சொல்லணும். நாலு வயதில் உன்னை ஐந்தாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்பட்டேன். இரண்டாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கில் நீ அழுதபோது கவனம் போதவில்லை என்று திட்டினேன். பத்து ஒன்றுகள் சேர்ந்துதான் ஒரு பத்து என்பதை உன் கையில் குச்சிக்கட்டாகக் கொடுத்ததே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தேன், உனக்குக் கொடுக்கவில்லை. அது இன்னும் எனக்கு வலிக்கிறது.

சரி, குட்டிக்கு ஓர் அட்டையில் ஒன்று முதல் பத்து வரை வரிசையாகக் கட்டம் போட்டு, காய் நகர்த்தி விளையாடு. ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணை வாய்விட்டுச் சொல்லச் சொல். சீக்லர், ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிக் கால் மணி நேரம் வீதம் நாலு தடவை விளையாட வைத்ததிலேயே பிள்ளைகளின் எண்ணறிவு கூடியது, வெறும் வண்ணக் கட்டத்தில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. அடுத்த ஞாயிறு போனை அவனிடமே கொடு. மூன்று கேட்கமாட்டேன். இரண்டு ஸ்பூன் கேட்கிறேன்.

அம்மா