மூடுவதற்கும் திட்டம் வேண்டும்

ஆசிரியருக்கு,

திருகோணமலை மாவட்டச் சம்பூரில் வர இருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் 2016 இல் கைவிடப்பட்டபோது எங்கள் ஆட்களுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அதே சம்பூரில் 2025 ஏப்ரலில் சூரிய மின் திட்டத்துக்குத் தொடக்கவிழா நடந்தது. இடம்பெயர்ந்து திரும்பிய என் மாமி கிணற்றடிக் கொடியில் வெள்ளைச் சேலை காயப் போடுகிறார். அதில் கரி படியவில்லை. அது சின்ன விஷயம் இல்லை.

கட்டாமல் விடுவது சுலபம். கட்டியதை நேரத்தோடு மூடுவதுதான் கஷ்டம். பிரித்தானியா தன் கடைசி நிலக்கரி நிலையத்தை 2024 செப்டெம்பர் 30 இல் மூடியது. 2013 இலிருந்து மின் நிலையங்கள் வெளியிடும் காபனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்து அறவிட்டதால் நிலக்கரி கட்டுபடியாகாமல் போயிற்று. கடலில் நட்ட காற்றாலைகளும் கைகொடுத்தன. எங்களுக்கு அது மட்டும் போதாது. கட்டுவதற்கு வாங்கிய கடன் தலைக்கு மேல் நிற்கும்போது யார் மூடுவார்? அந்தக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றித் தர வெளிநாட்டு உதவி வேண்டும்.

அப்புறம் வேலை. தென்னாபிரிக்காவின் கோமாட்டி நிலக்கரி நிலையம் 2022 இல் மூடப்பட்டது. மாற்று வேலைகள் உரிய நேரத்தில் வராததால் அந்த ஊர் தவித்தது. இலங்கையின் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் 900 மெகாவாட்டுக்கும் ஒருநாள் முடிவு வரும். அங்குள்ள தொழிலாளருக்கான பயிற்சி, பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்கள், புதிய மின்கடத்திகள் என எல்லாவற்றையும் அரசு இப்போதே தொடங்க வேண்டும்.

ஒரு வாசகர்,
திருகோணமலை